அட்டையின் பின்பக்கத்து எண்கள்

179 - 82 - 61 - 89. காலணி 40. முடி கருப்பு. கண் பழுப்பு.

ஏழு வருஷம் நான் இந்த எண்களாகத்தான் இருந்தேன். போன வாரம் வீடு மாற்றுவதற்காகப் பெட்டிகளைக் காலி செய்தபோது பழைய காம்ப் கார்டு கட்டு ஒன்று கிடைத்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் இற்று, மேல் அட்டையில் என் கழுத்துக்குக் குறுக்காக ஒட்டிப்போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினேன். நான்கு சின்னப் படங்கள். கீழே அதே எண்கள். அவற்றில் இரண்டு பொய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காம்ப் கார்டு என்பது மாடலின் விசிட்டிங் கார்டு. ஏ4 தாளில் பாதி அளவு இருக்கும். முன்னால் முகம், பெயர். பின்னால் படங்கள், உயரம், மார்பு, இடை, இடுப்பு. காஸ்டிங், அதாவது ஆள் தேர்வு, முடிந்து நாம் வெளியே போன பிறகு மேஜைமேல் மிச்சம் இருப்பது அந்த அட்டைதான். பெரும்பாலும் அது குப்பைக் கூடைக்குப் போகும். சில சமயம் சுவரில் ஏறும். சுவரில் ஏறுவதற்காகத்தான் அத்தனை பாடும்.

என் உண்மையான உயரம் 177.5. இடுப்பு 91. "ஒன்றரை சென்டிமீட்டரை யாரும் பார்க்க மாட்டார்கள், குதிகால் வைத்த செருப்பு எதற்கு இருக்கிறது" என்று சொல்லி உயரத்தை ஏற்றினாள் என் புக்கர், ஏஜென்சியில் எனக்கு வேலை பிடித்துத் தருபவள். இடுப்பைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 89 என்று எழுதினாள். அந்த இரண்டு சென்டிமீட்டர் என் கடன் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. பெயரிலும் பாதியை வெட்டிவிட்டார்கள்; மிச்சம் இருந்த மூன்று எழுத்துக்கு யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வயது அட்டையில் கிடையாது. கேட்டால் 19 என்று சொல்லச் சொன்னார்கள். எனக்கு அப்போது 21.

புகழ்பெற்ற மாடல்களின் வாழ்க்கைக் கதைகள் எல்லாமே யாரோ ஒருவர் வழிமறிப்பதில் தொடங்கும். கேட் மாஸை 1988-ல், 14 வயதில், நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் கண்டெடுத்தார்கள். நவோமி காம்பல் 15 வயதில் லண்டன் கவன்ட் கார்டனில் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது. சூடானின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி 1991-ல் பிரிட்டன் வந்து சேர்ந்த அலெக் வெக்கை 1995-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பக்கத்துத் திறந்தவெளிச் சந்தையில். இரண்டு வருஷத்தில் அவர் அமெரிக்க எல் இதழின் அட்டையில் இருந்தார். மயிரை ஒட்ட வெட்டிய, மினுமினுக்கும் கருப்பு முகம். 1997 நவம்பர் இதழ். அந்த அட்டையை நான் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

என்னை யாரும் வழிமறிக்கவில்லை. நானாகத்தான் போய்க் கதவைத் தட்டினேன். பொலராய்டு எடுத்து அனுப்பினேன். பெயர்தான் பொலராய்டு, இப்போதெல்லாம் அது போனில் எடுக்கும் படம். வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், முகத்தில் ஒன்றும் பூசக்கூடாது, முடியை இழுத்துக் கட்ட வேண்டும், உடம்போடு ஒட்டிய கருப்பு உடை. முன், பக்கவாட்டு, பின். நான்கு ஏஜென்சிகள் பதிலே போடவில்லை. ஐந்தாவது ஒன்று, சின்னது, என்னை எடுத்துக்கொண்டது. அதுதான் என் மதர் ஏஜென்சி. அதாவது, பெண்ணைப் பெற்றவர்கள் போல. வளர்த்து, நடக்கக் கற்றுக்கொடுத்து, பாரிஸிலும் மிலானிலும் உள்ள பெரிய ஏஜென்சிகளுக்கு அனுப்பி வைப்பார்கள். அங்கே நான் சம்பாதிப்பதில் இவர்களுக்கும் ஒரு பங்கு போகும். கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுப்பார்கள், இங்கே வாங்குவார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

2010 செப்டம்பரில் பாரிஸ் போனேன். சீசன் என்றால் நான்கு நகரங்கள், வரிசை மாறாது: நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ். பிப்ரவரி மார்ச்சில் அடுத்த குளிர்காலத்துக்கான உடைகள், செப்டம்பர் அக்டோபரில் அடுத்த கோடைக்கானவை. உடம்பு எப்போதும் ஆறு மாதம் முன்னால் வாழும். நடுங்கும் பிப்ரவரியில் கையில்லாத சட்டையில் கேட்டலாக் படப்பிடிப்பு, வேர்க்கும் ஜூலையில் கம்பளிக் கோட்டு.

எங்கள் மாடல் ஃபிளாட்டில் இரண்டு அறை, ஆறு பெண்கள், அடுக்குக் கட்டில்கள். ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை யாரும் குளிக்கப் போக மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் மறுநாளுக்கான பட்டியல் வரும். ஒரு நாளுக்கு எட்டு, பத்து, சில நாள் பன்னிரண்டு காஸ்டிங். தட்டைச் செருப்போடு மெட்ரோ படிகளில் ஏறி இறங்கி, பையில் ஹீல்ஸும் புக்கும் சுமந்து, வாசலில் நின்று செருப்பு மாற்றி, ஒரு மணி நேரம் மாடிப்படியில் காத்திருந்து, உள்ளே போனால் இரண்டு நிமிஷம். புக் என்றால் படங்கள் அடுக்கிய பெரிய ஆல்பம். அதை அவர்கள் புரட்டுகிற வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். ஒரே சீராகப் புரட்டினால் வேலை இல்லை. ஏதாவது ஒரு பக்கத்தில் விரல் நின்றால் கொஞ்சம் நம்பலாம். பிறகு, "நடந்து காட்டு." நடந்தேன். "நன்றி." எல்லா மொழியிலும் நன்றி என்றால் வெளியே போ என்று அர்த்தம் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

இன்னொரு சொல்லும் கற்றுக்கொண்டேன். ஆப்ஷன். ஒரு நிறுவனத்துக்கு நம்மைப் பிடித்திருந்தால் உடனே வேலை கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஆப்ஷன் போடுவார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அந்தத் தேதி அவர்களுக்காக நிற்கும். துண்டு போட்டதற்குக் காசு கிடையாது. முதல் ஆப்ஷன், இரண்டாவது ஆப்ஷன், மூன்றாவது என்று ஒரே தேதியின் மேல் மூன்று துண்டுகள்கூடக் கிடக்கும். கடைசி ராத்திரி கன்ஃபர்ம் என்று வரும், அல்லது ரிலீஸ், அதாவது துண்டை எடுத்துக்கொண்டோம், என்று வரும். ஒரு சீசனில் எனக்குப் பத்தொன்பது ஆப்ஷன், மூன்று கன்ஃபர்ம். வீட்டில் போன் செய்து கேட்டால் என்ன சொல்வது? வேலை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படி ஒரு கன்ஃபர்ம் கதை சொல்கிறேன். 2012 மார்ச். பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிட்டிங், ஷோவுக்கான உடையைப் போட்டுப் பார்ப்பது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரை. போட்டதும் அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனம் நல்ல மௌனம். போட்டோ எடுத்துப் பலகையில் குத்தினார்கள், எண் 23. கடைசி மெட்ரோவில் ஃபிளாட்டுக்குத் திரும்பி, நேரம் காலம் பார்க்காமல் அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

மறுநாள் ஷோ பகல் பதினொன்றுக்கு. காலை ஆறு மணிக்கே மேடைக்குப் பின்னால் ஆஜர். ஷோ பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு ஐந்து மணி நேரம் முன்னால் வர வேண்டும். ஜெல் போட்டு முடியைப் பலகை மாதிரி ஆக்கினார்கள். முகம் முடிந்தது. நகம் முடிந்தது. ஒன்பது மணிக்கு ஒரு ரஷ்யப் பெண் வந்தாள். இன்னொரு ஷோவை முடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அவள் காதோரம் யாரோ முந்தைய மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டைலிஸ்ட் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். 23-ல் இருந்த என் படத்தை எடுத்தார். எறியவில்லை, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அந்த மரியாதை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பலகை மாதிரி முடியோடும் வெள்ளிப் பூச்சுக் கண்ணிமையோடும் மெட்ரோவில் உட்கார்ந்து வந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப அந்தக் கோட்ட யாரு போட்டுக்கிட்டா?"

"ஒரு ரஷ்யப் பொண்ணும்மா."

"அவளுக்குப் பொருந்துச்சா?"

வெளியே போகும்போது திரும்பிப் பார்த்தேன்தான். "தோள் தொங்குச்சும்மா."

"பின்ன," என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேசினோம்.

நடை பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து காலை வீசு, தோளை மறந்துவிடு, தூரத்தில் இருக்கும் கேமரா மேடையைப் பார், ஒளிவிளக்கைப் பார்க்காதே. கஷ்டம் செருப்பில்தான். செருப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் வரும். பெரிதாக இருந்தால் முன்னால் டிஷ்யூ திணித்து, உள்ளங்காலில் இரட்டைப் பக்க டேப் ஒட்ட வேண்டும். சின்னதாக இருந்தால் பல்லைக் கடிக்க வேண்டும். 1993-ல் பாரிஸில் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டின் ஷோவில் நவோமி காம்பல் அந்த ராட்சத பிளாட்ஃபார்ம் செருப்போடு விழுந்து, தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாரே, அந்தச் செருப்பு இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விழுவதிலும் அவர் அவர்தான். நான் ஒரு தடவை விழுந்தேன். அது எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. என் பையில் எப்போதும் இரண்டு ஃபவுண்டேஷன், அதாவது தோல் நிறத்துக்கேற்ற முகப்பூச்சு, இருக்கும், நானே கலந்து வைத்தவை. முதல் சீசனில் மூன்று இடத்தில் என் முகத்தைச் சாம்பல் பூசின மாதிரி ஆக்கி அனுப்பிய பிறகு வந்த புத்தி. பெட்டி நிறைய நாற்பது ரோஜா நிறம் வைத்திருக்கும் மேக்கப்காரர்களிடம் என் நிறத்துக்கு ஒன்று இருக்காது. கூச்சத்தோடு என் குப்பியை நீட்டுவேன். சிலர் நிம்மதியாக வாங்கிக்கொள்வார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். இது பழைய கதைதான். சோமாலியாவில் பிறந்த மாடல் இமான் 1975-ல் நியூயார்க் போய் இறங்கியபோதும் இதே கதை. சொந்தமாக ஃபவுண்டேஷன் கொண்டுவந்திருக்கிறாயா என்று மேக்கப்காரர் தன்னைக் கேட்டதை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1994-ல் அவர் தன் பெயரிலேயே அழகுசாதன நிறுவனம் தொடங்கினார். ரோஷத்தில் பிறந்த வியாபாரம் என்று நினைத்துக்கொள்வேன்.

காஸ்டிங்கில் அடிக்கடி கேட்ட வசனம்: "இந்த சீசன் எங்களிடம் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்." எந்த ஒருத்தி என்று கேட்க வேண்டியதே இல்லை. 1973 நவம்பர் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் அமெரிக்க, பிரெஞ்சு டிசைனர்கள் எதிரெதிரே நின்று ஷோ நடத்தினார்கள். அமெரிக்கர்கள் கொண்டுவந்த 36 மாடல்களில் 10 பேர் கருப்பினப் பெண்கள். அன்றைய கைதட்டலை அள்ளியவர்கள் அவர்கள்தான். அதில் நடந்த பெதான் ஹார்டிசன் பிறகு சொந்த ஏஜென்சி நடத்தி, 2013 செப்டம்பரில் நான்கு நகரங்களின் ஃபேஷன் அமைப்புகளுக்கும் கடிதம் எழுதினார். எந்தெந்த நிறுவனம் வெள்ளை மாடல்களை மட்டுமே வைத்து ஷோ நடத்துகிறது என்று பெயர் சொல்லியே எழுதினார். வெர்சாய் முடிந்து நாற்பது வருஷம் கழித்து! அந்தக் கடிதத்துக்கு அடுத்த சீசன் எனக்கு ஆறு ஷோ கிடைத்தது. அதற்கு முந்தைய சீசனில் இரண்டு. என் நடை ஒரே கோடையில் அவ்வளவு மேம்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள், அவருக்கு என்னைத் தெரியாது.

பணம். "நாளுக்கு 10,000 டாலருக்குக் குறைந்தால் நாங்கள் கண்விழிப்பதில்லை" என்று 1990-ல் மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா சொன்னது தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அந்த வருஷம் ஜனவரியில் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டைக்காகப் புகைப்படக்காரர் பீட்டர் லிண்ட்பெர்க் ஐந்து மாடல்களை நிற்க வைத்து எடுத்த கருப்பு வெள்ளைப் படம், மறு வருஷம் மார்ச்சில் மிலானில் வெர்சாச்சே ஷோவின் முடிவில் நான்கு பேர் கைகோத்துப் பாட்டுக்கு வாயசைத்து வந்தது. அந்தக் காலம் வேறு. அவர்கள் பெயரைச் சொன்னால் தெருவில் போகிறவருக்குத் தெரியும். எங்கள் தலைமுறையில் ஃபிளாட்டில் இருந்த ஆறு பேருக்கே ஒருவர் முழுப்பெயர் மற்றவருக்குத் தெரியாது.

என் முதல் சீசன் முடிந்ததும் ஏஜென்சி கணக்குச் சீட்டு கொடுத்தது. வரவு: ஒரு லுக்புக் (நிறுவனத்தின் உடைகளைக் காட்டும் படத்தொகுப்பு), இரண்டு சின்ன ஷோ, ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பு. பற்று: விமான டிக்கெட், விசா, அடுக்குக் கட்டில் வாடகை, காம்ப் கார்டு அச்சுக்கூலி, புக்குக்குப் பிரிண்ட், டெஸ்ட் ஷூட் (புக்குக்காக எடுக்கும் சோதனைப் படங்கள்), கூரியர், அவர்கள் வெப்சைட்டில் என் படத்தை வைத்திருந்ததற்குக் கட்டணம். எல்லாம் அவர்கள் முன்பணமாகச் செலவழித்தவை, நான் சம்பாதித்து அடைக்க வேண்டியவை. கடைசி வரியில் மைனஸ் குறி. அதை நான் கோடு என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்த பிறகுதான் அது குறி என்று தெரிந்தது.

நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரான்ஸில் மாடல் சட்டப்படி ஓர் ஊழியர், ஏஜென்சி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் போய் கைக்கு வருவதைப் பார்த்தால் மயக்கம் வரும், ஆனால் உடம்பு சரியில்லாமல் போனால் அதன் அருமை தெரியும். நியூயார்க்கில் நாம் சுயதொழில் செய்பவர். நம்மிடம் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு, வேலை கொடுப்பவரிடமும் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார்கள். அங்கே சில ஷோக்களுக்குக் காசே கிடையாது, துணியாகக் கொடுப்பார்கள். வாடகைக்காரரிடம் பட்டுச் சட்டையை நீட்ட முடியுமா?

பேரும் பணமும் ஒரே வேலையில் வராது என்பதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். பெரிய பத்திரிகையில் பத்துப் பக்கம் வந்தால் கைக்கு ஏறத்தாழ ஒன்றும் வராது. ஆனால் அந்தப் பத்துப் பக்கம் இல்லாமல் விளம்பரம் வராது. விளம்பரத்தில் நமக்குக் கிடைப்பது நின்றதற்கான கூலி மட்டும் அல்ல, படத்தைப் பயன்படுத்துவதற்கான தொகையும்தான். எத்தனை நாடு, எத்தனை மாதம், சுவரொட்டியா இணையமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரம். வாசனைத் திரவிய விளம்பரம் ஒன்று கிடைத்துவிட்டால் கரை ஏறிவிடலாம். எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குச் சோறு போட்டது இணையக் கடைகள். ஒரே வெள்ளைச் சுவர், தரையில் டேப்பால் ஒரு குறி, காலையிலிருந்து மாலைக்குள் அறுபது எழுபது உடை. முன், பக்கம், பின், கையைப் பாக்கெட்டில் வை, அடுத்தது. அதில் கலை இல்லை என்பார்கள். எழுபதாவது உடையிலும் முதல் உடையின் முகத்தை வைத்திருப்பது என்ன என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இடுப்புக் கடனைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் டேப் வரும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, குதிகாலைச் சேர்த்து நின்றால் ஒரு சென்டிமீட்டர் குறையும் என்று மேல் கட்டில்காரி சொல்லிக் கொடுத்தாள். மிச்சம் ஒரு சென்டிமீட்டரை உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. 2014-ல் எனக்கு ஏழு மாதம் மாதவிலக்கு வரவில்லை. டாக்டர் எடை பார்க்கும் கருவியைக் காட்டி என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். ஓ என்று எழுதுவதை நிறுத்தினார். அந்த ஓவை அவர் நிறையப் பேரிடம் சொல்லியிருப்பார் போலிருந்தது.

2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ் மேடையில் நடந்து இறங்கிய சற்று நேரத்தில் இறந்துபோனார். வயது 22. அடுத்த மாதமே மாட்ரிட் ஃபேஷன் வாரம் உடல் நிறை குறியீடு 18-க்குக் கீழே இருப்பவர்களை மேடையேற்ற மறுத்தது. பாரிஸுக்கு அது வந்து சேர இன்னும் பதினொரு வருஷம். 2017 மே மாதத்திலிருந்து பிரான்ஸில் மருத்துவச் சான்று இல்லாமல் மாடலாக வேலை செய்ய முடியாது. அதே வருஷம் அக்டோபரிலிருந்து, உடம்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதை அச்சிட்டாக வேண்டும். அந்த செப்டம்பரில் எல்விஎம்ஹெச், கெரிங் என்ற இரண்டு பெரும் ஆடம்பரப் பொருள் குழுமங்களும் சேர்ந்து மிகச் சிறிய பிரெஞ்சு அளவான 32-ஐ எடுத்துவிட்டன, பெரியவர்கள் உடைக்கு 16 வயதுக்குக் குறைந்தவர்களை நிறுத்துவதில்லை என்றும் அறிவித்தன. செய்தியை நான் போனில் படித்தேன். சந்தோஷம்தான். கூடவே, என் கட்டிலில் 15 வயதுப் பெண் ஒருத்தி தூங்கிய ராத்திரிகளும் ஞாபகம் வந்தன. தூக்கத்தில் அவள் தாய்மொழியில் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தச் செய்தி வந்தபோது நான் தொழிலில் இல்லை. யாரும் என்னை அனுப்பவும் இல்லை. 2017 தொடக்கத்தில் ஒரு நாள் ஏஜென்சி வெப்சைட்டைத் திறந்தேன். பெண்கள் பக்கத்தில் என் முகம் இருந்த இடத்தில் வேறு முகம். எழுத்து வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவளும் பின்னால் இருந்தவளும் அப்படியே இருந்தார்கள், நான் மட்டும் இல்லை. புக்கருக்கு எழுதினேன். "உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன், அன்புடன்" என்று பதில் வந்தது. வயது 28. அட்டை வயதுப்படி 26.

அதற்குப் பிறகு செய்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கோ அதைப் பற்றித்தான் சொல்லப் பிடிக்கும். ஷோ முடிந்ததும் ஒரு வாரம் ஷோரூம் நடக்கும். பல நாட்டுக் கடைக்காரர்கள் வந்து உட்கார, அதே உடைகளைப் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்பது. கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது, நாள் கூலி ஒழுங்காக வரும். அந்த ஷோரூம் ஒன்றில் என்னைப் பார்த்த வயதான பாட்டர்ன் கட்டர் (உடைக்கான வெட்டு மாதிரி தயாரிப்பவர்) அம்மா ஒருவர் ஃபிட் மாடல் வேலைக்குக் கூப்பிட்டார்.

ஃபிட் மாடல் படத்தில் வர மாட்டாள். துணி கடைக்குப் போவதற்கு முன்னால் அவள் உடம்பில்தான் அது உருவாகும். முதலில் காடாத் துணியில் மாதிரி தைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், உட்கார வேண்டும், படி ஏற வேண்டும், மேல் தட்டிலிருந்து எதையோ எடுப்பது போலக் கையைத் தூக்க வேண்டும். ஊசிகள் சுற்றிலும் குத்தப்பட்டிருக்கும். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். நம்மூர் டெய்லர் "பிடிக்குதா?" என்று கேட்பாரே, அந்தக் கேள்விதான். இறுகுகிறதா என்றும் கேட்கிறார், விருப்பமா என்றும் கேட்கிறார், ஒரே சொல்லில்.

அந்த அறையில் ஏழு வருஷத்தில் கற்காததை ஏழு வாரத்தில் கற்றேன். ஆர்ம்ஹோலை, அதாவது சட்டையில் கை நுழையும் துளையை, ஆழமாக வெட்டினால் கைக்கு வசதி என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே மேலேறும். அக்குளை ஒட்டி வெட்டினால்தான் கை மட்டும் தனியாக அசையும். கால்சட்டையை நின்று பார்த்து ஓகே சொல்பவள் ஃபிட் மாடலே இல்லை. உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. என் அளவிலிருந்துதான் மற்ற எல்லா அளவுகளையும் கூட்டிக் குறைத்து வெட்டுவார்கள். நான் ஒரு சென்டிமீட்டர் ஏமாற்றினால் ஆயிரக்கணக்கான சட்டைகள் ஒரு சென்டிமீட்டர் தப்பும். வாரா வாரம் டேப் வரும். குறைந்தாலும் திட்டு விழும்.

ஒரு துணி நிறுவனம் 30 மாடல்களின் டிஜிட்டல் இரட்டைகளை, அதாவது கணினியில் செய்த நகல்களை, உருவாக்கப்போவதாக 2025-ல் அறிவித்த செய்தியைத் தோழி ஒருத்தி அனுப்பினாள், நம் கதை முடிந்தது என்று. நியூயார்க்கில் அதே 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாடலின் தெளிவான சம்மதம் இல்லாமல் அப்படி நகல் செய்யக்கூடாது என்கிறது. ஏஜென்சி கமிஷனும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நகல்கள் இணையக் கடை வேலையைத் தின்றுவிடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த எழுபது உடை நாள்கள் பலருக்கு வாடகை. அதை லேசாகச் சொல்லிவிட முடியாது.

ஃபிட்டிங் அறையின் முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். அந்த அம்மாவின் மணிக்கட்டில் ஊசிமெத்தை, கழுத்தில் டேப், வாயில் இரண்டு ஊசி. இடுப்பு எவ்வளவு என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, 89 என்றேன். டேப்பைச் சுற்றினார். நான் பழக்கத்தில் மூச்சை வெளியே விட்டுக் குதிகாலைச் சேர்த்தேன்.

"நேராக நில். மூச்சு விடு."

விட்டேன். 94 என்று தாளில் எழுதினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உயரத்துக்கு நேரே 177.5.

காடாத் துணி ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்.

"எங்கே இழுக்கிறது?"

"எங்கேயும் இல்லை மேடம். நன்றாக இருக்கிறது." ஏழு வருஷம் எல்லாச் செருப்புக்கும் எல்லா உடைக்கும் சொன்ன பதில்.

"கையைத் தூக்கு."

தூக்கினேன். இடது தோளுக்குப் பின்னால் தையல் விட்டது. அவர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்து மெத்தையில் குத்தினார். கோபப்படவில்லை. அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

"இடது அக்குள்," என்றேன். "முன்பக்கம். அப்புறம் முதுகில், நடுவில்."

பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டு, கத்தரியை எடுத்து, அரை சென்டிமீட்டர் திறந்துவிட்டார்.

"இப்போது?"

கையை மேலே தூக்கி, ஜன்னல் கம்பியைத் தொட்டேன். "இன்னும் கொஞ்சம் இழுக்கிறது," என்றேன்.